கப்பல் பட்டியலில் இருக்கும் கோவிந்தசாமி நம் கொள்ளுத்தாத்தாதானா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டி பக்கத்துக் குடும்பம். கொள்ளுத்தாத்தா கோவிந்தசாமி, முத்துவின் மகன். 1900-ஐ ஒட்டி "நாகப்பட்டினத்தில் கப்பலேறி நேட்டாலுக்குப் போனார்" என்று பாட்டி சொல்லியிருக்கிறார். ஊரில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. இப்போது நேட்டால் (தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதி) கப்பல் பட்டியலில் தேடியதில், 1902-ல் போய் இறங்கிய ஒரு கோவிந்தசாமி கிடைத்திருக்கிறார்: தந்தை முத்து, வயது 22, தஞ்சாவூர் ஜில்லா. இங்கிலாந்தில் இருக்கும் அத்தை மகள், "சென்சஸ் ரெக்கார்டு பார்த்தால் தெரிந்துவிடும்" என்கிறார். இந்திய சென்சஸ் எங்கே கிடைக்கும், இவர்தான் அவர் என்று எப்படி உறுதி செய்வது?

முதல் பாதிக்குப் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்தியாவில் 1871-72 முதல் கணக்கெடுப்பு நடக்கிறது. 1881-லிருந்து 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. ஆனால் வீடு வீடாக எழுதிய தாள்களைக் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டதும் அழித்துவிடுவார்கள். 1948-ம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின்படி, தனி ஆளைப் பற்றிய பதிவுகளை வெளியார் யாரும் பார்க்கவும் முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. 1901 மார்ச் 1-ம் தேதி தஞ்சாவூர் ஜில்லாவில் எண்ணப்பட்ட 22,45,029 பேரில் உங்கள் கொள்ளுத்தாத்தாவும் இருந்திருக்கலாம். அந்த எண்ணிக்கை அச்சில் இருக்கிறது, அவருடைய பெயர் இல்லை. தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான்: புள்ளிவிவரம் எடுத்த பிறகு வீட்டுத் தாள்களை அழித்துவிட்டார்கள்.

அத்தை மகள் சொன்னதில் தவறில்லை. அவர் இருக்கும் நாட்டில் அது நடைமுறை. இங்கிலாந்தில் 1841 முதல் 1921 வரையிலான வீட்டுத் தாள்களை யாரும் பார்க்கலாம். 1921-ம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அடுத்த கணக்கெடுப்பான 1931-ன் தாள்கள் 1942-ல் தீயில் போய்விட்டன. 1941-ல் போரினால் கணக்கெடுப்பே இல்லை. அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்துத் திறக்கிறார்கள், 1950 வரை பார்க்கலாம். கனடாவில் 92 ஆண்டு கழித்து. 1931 வரை வந்துவிட்டது. நம் டெல்டாக்காரர்கள் பெருந்தொகையாகப் போன மலாயா, பர்மா, இலங்கை, நேட்டால், மொரிஷியஸ், ரீயூனியன் எதுவும் இந்த வரிசையில் இல்லை. பிற்காலத்தில் அந்த இடங்களிலிருந்து லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போன கிளைகள் இருந்தால் மட்டும் இந்தத் தாள்கள் நமக்கு உதவும்.

அப்படி ஒரு கிளை இருந்தால் எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே பழகும் முறை நம் தேடலுக்கும் அப்படியே பொருந்தும். அமெரிக்கத் தாள்களில் 1900 முதல் 1930 வரை 'எந்த ஆண்டு வந்தார்' என்று ஒரு பத்தி உண்டு. 1920-ல் தாய்மொழியும் கேட்டார்கள். அதே காலத்தில் இந்தியரின் இனப் பத்தியில் 'ஹிந்து' என்று எழுதினார்கள். சீக்கியர், முஸ்லிம் எல்லாரும் அதில்தான் அடங்கினார்கள். அதை மதம் என்று படித்து, "இது நம் ராவுத்தர் தாத்தா இல்லை" என்று தள்ளிவிடக் கூடாது. இங்கிலாந்தில் 1911-க்குக் குடும்பத் தலைவரே நிரப்பிக் கையெழுத்திட்ட தாள் இருக்கிறது, கையெழுத்தை ஒப்பிடலாம். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் எழுத்தர் பெயர்த்தெழுதிய புத்தகம்தான் மிச்சம். இன்னொன்று: பிறந்த இடம் 'தஞ்சாவூர்', 'திருச்சிராப்பள்ளி' என்று தேடினால் இங்கிலாந்துத் தாள்களில் பலர் வருவார்கள். பெரும்பாலோர் இங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள், பாதிரிமார்களின் பிள்ளைகள். உண்மையான தமிழருக்கு வெறுமனே 'இந்தியா' அல்லது 'மெட்ராஸ்' என்று இருக்கும். மெட்ராஸ் என்பது அன்று ஒரு மாகாணத்தின் பெயரும்கூட. அதை நகரம் என்று எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் தேடாதீர்கள்.

அந்தத் தாள்களில் பதில் சொன்னது யார் என்றே பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவில் 1940-ல்தான் பதில் சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் குறி போட ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரம்மா சொன்னாளா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா என்று தெரியாத வயதை வைத்து ஒருவரை ஏற்கவோ தள்ளவோ முடியாது. பத்தாண்டு இடைவெளியில் ஒருவர் வயது ஏழு கூடியிருக்கும், பதின்மூன்று கூடியிருக்கும். குடியேறிய ஆண்டும் முன்னே பின்னே போகும். ஆனால் மனைவி பெயர், பிள்ளைகள் பிறந்த வரிசை, கூடவே குடியிருக்கும் மைத்துனர், இவை அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் தேடும் ஆளை விட அவரைச் சுற்றியிருப்பவர்களை அதிக நேரம் பார்க்கிறார்கள். கூட இருப்பவர்களை வைத்தே ஆளை அடையாளம் காண முடியும். உங்கள் கோவிந்தசாமி விஷயத்திலும் இதைத்தான் செய்யப் போகிறோம்.

சரி, நேட்டாலுக்கு வருவோம். 1860 முதல் 1911 வரை அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். நாம் சென்சஸிலிருந்து எதிர்பார்ப்பதை விட இதில் விவரம் அதிகம். ஆனால் நீங்கள் அனுப்பிய வரியில் ஜில்லா வரைதான் இருக்கிறது. தாலுகா, கிராமப் பத்திகளை முதலில் பாருங்கள். கணினிப் பட்டியலில் இல்லாவிட்டால் மூலப் பக்கத்தின் படத்தைத் தேடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு முரண்பாடு இருக்கிறது. நேட்டால் கப்பல்கள் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும்தான் புறப்பட்டன. 1860 நவம்பர் 16-ல் டர்பனுக்கு முதன்முதலாக வந்த ட்ரூரோ கப்பலும் சென்னையிலிருந்து போனதுதான். தஞ்சாவூர் ஜில்லாவில் ஆள் பிடித்தவர்கள், பிடித்த ஆட்களை ரயிலேற்றிச் சென்னை டிப்போவுக்கு (கப்பலேறும் வரை ஆட்களைத் தங்கவைக்கும் முகாம்) கொண்டுபோனார்கள். நாகப்பட்டினத்துக் கப்பல் என்றால் அது பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர். ஆக, பாட்டி சொன்ன வாக்கியத்தில் 'நாகப்பட்டினம்' சரியா, 'நேட்டால்' சரியா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நாகப்பட்டினம் வரை போய் அங்கிருந்து ரயிலேறியிருக்கலாம். அல்லது அவர் உண்மையில் பினாங்குக்குப் போய், 'நேட்டால்' என்பது பிற்பாடு யாரோ சேர்த்த சொல்லாக இருக்கலாம். 'அக்கரைச் சீமை' என்று பொதுவாகச் சொன்னதை, அடுத்த தலைமுறை தனக்குத் தெரிந்த ஊரின் பெயரால் நிரப்புவது எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது. பாட்டியின் தலைமுறையில் வேறு யார் இருக்கிறார்கள்? அவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். நீங்களே 'நேட்டால்' என்று எடுத்துக் கொடுக்காமல், "எங்கே போனார், எந்த ஊரிலே இறங்கினாராம்" என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது பெயர். 'கோவிந்தசாமி, தந்தை முத்து' என்பது ஒத்துப்போனதால் உங்களுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. நம் வழக்கத்தை வைத்து யோசித்துப் பாருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். தாத்தா ஒரு கோவிந்தசாமி என்று வையுங்கள். அவருக்கு முத்து, ராமசாமி என்று இரண்டு பிள்ளைகள். முத்துவின் மூத்த மகனும் கோவிந்தசாமி, ராமசாமியின் மூத்த மகனும் கோவிந்தசாமி. ஒரே தெரு, ஒரே சாதி, ஏறக்குறைய ஒரே வயது. இவர்களைப் பிரிப்பது தந்தை பெயர் ஒன்றுதான். அதனால் தந்தை பெயர் ஒத்துப்போவது நல்ல அறிகுறிதான். ஆனால் முத்து என்ற பெயரும் டெல்டாவில் வீட்டுக்கு வீடு உண்டு. முத்துசாமி, முத்துக்கருப்பன், முத்தையன், முத்துவீரன் எல்லாரும் எழுத்தரின் பேனாவில் 'முத்து' ஆகியிருப்பார்கள். எனவே அதே பட்டியலில் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து போன எல்லாக் கோவிந்தசாமிகளையும், கோவிந்தன்களையும் எடுத்து வரிசையாக எழுதுங்கள். 1895 முதல் 1911 வரை போதும். ஒவ்வொருவரையும் ஏன் தள்ளுகிறீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். மற்ற எல்லாரும் பொருந்தாமல் போய் இவர் மட்டும் மிஞ்சினால்தான் அவர் உங்கள் ஆளாக நிற்பார். முதலில் கிடைத்தவரையே பிடித்துக்கொண்டு குடும்ப மரத்தில் ஏற்றிவிட்டால், அதை நாலு பேர் நகலெடுப்பார்கள். பிறகு அந்த நாலையும் நாலு சாட்சியாகக் காட்ட ஒருவர் வருவார்.

ஊரைப் படிக்கும்போது இன்றைய வரைபடத்தை மறந்துவிடுங்கள். 1901-ல் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒன்பது தாலுகாக்கள்: தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சீர்காழி, நன்னிலம், நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை. பாபநாசம், வலங்கைமான், குடவாசல், நீடாமங்கலம் எல்லாம் பிறகு வந்த தாலுகாக்கள். நாகப்பட்டினம் 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும் தனி மாவட்டமாயின. இன்று திருவாரூர் மாவட்டம் என்று சொல்லும் ஊர் அந்தப் பட்டியலில் தஞ்சாவூர் ஜில்லா என்றுதான் இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டும் அப்படித்தான்: சீர்காழி 'ஷியாலி' ஆகியிருக்கும், நாகப்பட்டினம் 'நெகபட்டம்' ஆகியிருக்கும். சின்னக் கிராமங்களின் பெயரை வாய்விட்டு இரண்டு மூன்று விதமாகப் படித்துப் பார்த்தால் பல நேரம் பிடிபடும். ஐயம் இருந்தால் அச்சான 1951, 1961 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளின் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நம் சென்சஸ் இந்த வேலைக்கு நிஜமாகவே உதவும். ஒரே பெயரில் பல ஊர் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். புத்தூர், நல்லூர், கோட்டூர் என்று சொல்லிவிட்டால் எந்தத் தாலுகா என்று கேட்காமல் நகர முடியாது.

வயது 22 என்பதை 18-லிருந்து 27 வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய ஜாதகக் குறிப்போ ஓலையோ இருந்தால் தமிழ் வருஷத்தைப் பாருங்கள். 'விக்கிரம வருஷம்' என்றிருந்தால் 1880 ஏப்ரல் முதல் 1881 ஏப்ரல் வரை, பட்டியலோடு ஒத்துப்போகும். ஆனால் அறுபது ஆண்டு கழித்து 1940-லும் விக்கிரம வருஷம் வந்தது. அந்த ஓலை பேரனுடையதாக இருக்கவும் கூடும், பெயரும் ஒன்றாகவே இருக்கும். கிரக நிலையை ஒரு ஜோதிடரிடம் காட்டினால் எந்தச் சுற்று என்று சொல்லிவிடுவார்.

உடல் அடையாளப் பத்தி பலரும் கவனிக்காதது. முழங்காலில் தழும்பு, நெற்றியில் காயம், கையில் பச்சை என்று எழுதியிருப்பார்கள். குடும்பத்தில் "சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு" மாதிரி ஏதாவது பேச்சு உண்டா என்று, பத்தியில் உள்ளதைச் சொல்லாமல், கேட்டுப் பாருங்கள். சாதிப் பத்தியை மட்டும் ஒற்றைச் சான்றாக வைத்து யாரையும் ஏற்கவோ தள்ளவோ வேண்டாம். எழுத்தர் கேட்டது ஒன்று, ஆள் பிடித்தவர் சொல்லிக் கொடுத்தது ஒன்று, எழுதியது ஒன்று.

இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். பட்டியலில் கோவிந்தசாமிக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண் 'மனைவி' என்று இருந்தால் அதிர்ச்சியடையாதீர்கள். "எங்கள் கொள்ளுப்பாட்டி ஊரிலேயே இருந்தார், ஆகவே இவர் அவர் இல்லை" என்று உடனே முடிவுகட்டவும் வேண்டாம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் போக வேண்டும் என்று விதி இருந்தது. தனியாக வந்த பெண்களும் ஆண்களும் டிப்போவிலேயே சேர்ந்து பதிவு செய்துகொண்டதும் உண்டு. ஊரில் காத்திருந்தவரும் கூடப் போனவரும் இருவருமே உண்மையாக இருக்கலாம். அந்தப் பெண்ணின் ஊரையும் தந்தை பெயரையும் மரியாதையோடு குறித்துக்கொள்ளுங்கள். டர்பனில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் அவருடைய பேரப்பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

முன்னும் பின்னும் உள்ள எண்களையும் எடுங்கள், குறைந்தது பத்துப் பத்து. ஒரே கிராமத்தில் பிடித்த ஆட்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண் விழும். பக்கத்து எண்ணில் உங்கள் ஊர்க்காரர் இருந்தால், அவருடைய குடும்பம் இன்றும் ஊரில் இருக்கிறதா, அவர்கள் வீட்டிலும் 'நேட்டாலுக்குப் போனவர்' என்ற பேச்சு இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் பாட்டியின் வார்த்தையைச் சாராமல் இன்னொரு வீட்டிலிருந்து வரும் நினைவு என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

அந்த எண்தான் நேட்டாலில் அவருடைய பெயரைவிட நிலையானது. பிள்ளை பிறந்தால், கல்யாணம் நடந்தால், இறந்தால் எல்லாவற்றிலும் அந்த எண்ணைப் போடுவார்கள். பெயர்கள் மாறும்: கோவிந்தசாமியின் மகன் அங்கே 'கோவிந்தசாமி'யைக் குடும்பப் பெயராக்கிக்கொள்வார், பேரன் காலத்தில் அதன் எழுத்துக் கூட்டும் மாறியிருக்கும். எண்ணைப் பிடித்துப் போனால் வழி தவறாது. 1902-ல் போனவருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் 1907-ல் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அங்கேயே சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி. இல்லாவிட்டால் மறுபடி ஒப்பந்தம், அல்லது ஊர் திரும்புதல். 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது. ஆகவே 1907 முதல் 1914 வரை அவர் என்ன ஆனார் என்பது முக்கியமான கேள்வி. திரும்பியவர்கள் பட்டியலில் அதே எண் இருந்தால், 'திரும்பி வரவில்லை' என்ற உங்கள் கதையோடு அது மோதும். அப்போது இவர் வேறு கோவிந்தசாமியாக இருக்கலாம், அல்லது சென்னையில் இறங்கியும் ஊருக்கு வராதவராக இருக்கலாம். அங்கேயே இறந்திருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் சொத்துக் கோப்பும் மரண அறிவிப்பும் உண்டா என்று பாருங்கள். மரண அறிவிப்பில் பெற்றோர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் பெயர் கேட்பார்கள். சொத்தே இல்லாதவர்களுக்கு இது இருக்காது.

இந்தப் பக்கத்துச் சான்றுகளில் நான் அதிகம் நம்புவது பாகப்பிரிவினைப் பத்திரம். நிலம் வைத்திருந்த குடும்பமானால், அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளும்போது வெளிநாட்டில் இருப்பவனின் பங்கைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் தீராது. "நம்மில் இரண்டாவது நபர் தற்சமயம் அக்கரையில் இருப்பதால்" என்ற தொனியில் ஒரு வாசகமும், அவர் சார்பில் யார் கையெழுத்திட்டார் என்பதும் இருக்கும். நாட்டின் பெயர் இருந்தால் நேட்டாலா பினாங்கா என்ற வழக்கு அதோடு தீர்ந்தது. ஆன்லைன் வில்லங்கத்தில் அவ்வளவு பழைய காலம் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் வாரியான அட்டவணையும் சொத்து வாரியான அட்டவணையும் தனித்தனியாக உண்டு. மனு கொடுத்து இரண்டிலும் தேடச் சொல்லுங்கள். 1920-களில் தஞ்சாவூரில் மறு நிலவரித் திட்டம் நடந்தபோது எழுதிய பதிவேடுகளில் பட்டாதாரர் பெயர் எப்படி மாறியது என்றும் பார்க்கலாம்.

ஆனால் அக்கரைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பண்ணையாட்கள், குத்தகைக்காரர்கள். அவர்களுக்குப் பத்திரம் ஏது? அந்தக் குடும்பங்களுக்குக் குலதெய்வம் உதவும். நேட்டால் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஊர்ப் பெயர் மறந்திருக்கும், சாமி பெயர் மறந்திருக்காது. உங்கள் குலதெய்வத்தின் பெயரை அதன் துணைத் தெய்வங்களோடு எழுதி அனுப்புங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு, முஸ்லிம் குடும்பமானால் ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. இவை சென்சஸை விடப் பலமான சாட்சி.

டி.என்.ஏ. பரிசோதனை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்தில் கட்டிய நமக்கு, தூரத்து உறவும் கிட்டத்து உறவு மாதிரி காட்டும். நேர் ஆண் வழியில் வந்த இருவரின் ஒய் குரோமோசோம் சோதனை இன்னும் தெளிவாகச் சொல்லும். முக்கியமாக, 'இல்லை' என்பதை உறுதியாகச் சொல்லும்.

விசாரணையில் பினாங்கு என்றே முடிந்தால், அந்தக் கப்பல் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். மலாயாவுக்குக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) மூலம் போனவர்களுக்கு இப்படி எண் போட்ட பட்டியல் கையில் கிடைப்பது அரிது. அங்கே தேட வேண்டியது தோட்டத்தின் பெயர், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, 1948-ல் தொடங்கிய அடையாள அட்டை. சிங்கப்பூர் தேசிய நூலகம் கணினியில் ஏற்றியிருக்கும் பழைய நாளிதழ்களில் தமிழ் முரசும் உண்டு; மரண அறிவித்தல்களில் சொந்த ஊர் பெயர் வரும். வீட்டுக்கு வந்த கடிதம், மணியார்டர் எந்த ஆண்டோடு நின்றது என்றும் கேளுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவுக்குள் நுழைந்ததும் தபால் நின்றுபோனது. பிறகு சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டார்கள். 1941 வரை கடிதம் வந்து அதோடு நின்றிருந்தால் உங்கள் கொள்ளுத்தாத்தா நேட்டாலில் இல்லை, மலாயாவில் இருந்தார் என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.

இப்போதைக்கு இரண்டு வேலை போதும். பெரியவர்களிடம் ஊர்ப் பெயரை எடுத்துக் கொடுக்காமல் கேட்டு, அவர்கள் வாயால் வந்ததை வந்தபடியே எழுதி வையுங்கள். கப்பல் பட்டியலில் அந்தக் கோவிந்தசாமியின் எண்ணையும், தாலுகா, கிராமப் பத்திகளோடு முன்பின் பத்துப் பேரின் விவரத்தையும் எடுத்து அனுப்புங்கள். கிராமப் பெயர்களை வாசிக்க நானும் உட்காருகிறேன்.